‘டிரெய்ல்ஸ்’ தொடரை ஆங்கிலத்தில் ஆடுவது: பல வருடக் காத்திருப்பின் கணக்கு

ஜப்பானின் ஃபால்கம் நிறுவனத்தின் ‘டிரெய்ல்ஸ்’ வீடியோ கேம் தொடரை ஆங்கிலத்தில் மட்டும் ஆடுகிறவர்களுக்குக் கதையைவிட வெளியீட்டுத் தேதிகள்தான் நன்றாக மனப்பாடம். முதல் ஆட்டமான ‘டிரெய்ல்ஸ் இன் தி ஸ்கை’ ஜப்பானில் 2004இல் பிசிக்கு வந்தது. ஆங்கிலத்தில் 2011இல், அதுவும் பிஎஸ்பி என்ற கையடக்கக் கருவிக்கு. கணினியை மட்டுமே நம்பியிருந்த என்னைப் போன்றவர்களுக்கு 2014இல் ஸ்டீம் என்ற இணையக் கடையில் கிடைத்தது. பத்து வயதான ஆட்டத்தைப் புதுசாக நினைத்து ஆடினோம்.

அதில்கூடப் பெரிய வருத்தம் இல்லை. வம்பே அந்த ஆட்டம் முடிகிற இடத்தில்தான். இன்னும் ஆடாதவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன். கதாநாயகியையும் நம்மையும் சேர்த்து நட்டாற்றில் விட்டுவிட்டுத் திரையில் பெயர்கள் ஓட ஆரம்பிக்கும். 2011இல் பிஎஸ்பியில் முடித்தவர்கள் அடுத்த பாகத்துக்கு 2015 அக்டோபர் வரை காத்திருந்தார்கள். நான் தாமதமாக வந்து சேர்ந்ததால் அவர்கள் பட்டதில் கொஞ்சம்தான் பட்டேன். அதற்கே இணையத்தில் தேடல் பெட்டியைத் திறக்கப் பயமாக இருந்தது. ஒரு பெயரைத் தட்டினால் கூகுள் தானாக நிரப்பும் அடுத்த சொல்லிலேயே கதை போய்விடும்.

ஏன் இவ்வளவு தாமதம் என்பதை ஆடிப் பார்த்தவர்கள் புரிந்துகொள்வார்கள். மற்ற ஆட்டங்களில் ஊர்க்காரர்கள் ஒரே வரியைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருப்பார்கள். இதில் கதையில் ஒரு சின்ன சம்பவம் நடந்தாலும் ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் வசனம் மாறும். ஆன்டன் என்று ஒருவன் வருவான். காதலில் தோற்பதே அவன் வேலை. ஊர் ஊராகப் போய்த் தோற்பான். கதைக்கு ஒரு பைசா பிரயோசனம் இல்லை, ஆனால் பாகம் பாகமாகத் தொடர்கிறான். இத்தனையையும் ஒருவர் உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டும். அப்புறம் அதைச் சரிபார்க்க வேண்டும். முதல் மூன்று பாகங்களை ஆங்கிலத்தில் வெளியிட்ட எக்ஸ்சீட் சிறிய நிறுவனம். இரண்டாம் பாகம் தயாராவதற்குள் மேற்கு நாடுகளில் பிஎஸ்பியின் காலமே முடிந்துவிட்டது. ஸ்டீம் இல்லையென்றால் அது வந்தே இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

எக்ஸ்சீட் நிறுவனத்தார் செய்த ஒரு வேலையைச் சொல்லியாக வேண்டும். ஏற்கெனவே திறந்து காலி செய்த புதையல் பெட்டியை மறுபடி திறந்தால், பெட்டிக்குப் பெட்டி வேறு வேறு நக்கல் வரி வரும். யாரும் கேட்காத வேலை. இதைப் பார்த்த பிறகு தாமதத்துக்காக முழு மனதோடு திட்ட முடியவில்லை.

ஆனால் திட்ட வேண்டியது வேறொன்று இருக்கிறது. வரிசையைக் குலைத்தது. ஜப்பானில் ‘ஸ்கை’ மூன்று பாகங்களுக்குப் பிறகு கிராஸ்பெல் என்ற நகரத்தின் கதை, ‘ஜீரோ’ 2010இலும் ‘அஸூர்’ 2011இலும். அதற்குப் பின்புதான் அடுத்த கதையான ‘கோல்ட் ஸ்டீல்’. ஆங்கிலத்தில் கிராஸ்பெல்லைத் தாண்டிக் குதித்து 2015இல் ‘கோல்ட் ஸ்டீல்’ வந்துவிட்டது. 2016இல் வந்த அதன் இரண்டாம் பாகத்தின் கடைசிப் பகுதியில் திடீரென்று கிராஸ்பெல் கதையின் லாய்ட், ரிக்ஸியா என்ற இருவரை நம் கையில் கொடுத்துச் சண்டை போடச் சொல்வார்கள். ஜப்பானியர்களுக்கு அது பழைய நண்பர்களைப் பார்க்கிற கணம். எங்களுக்கு யாரென்றே தெரியாது. தெரியாதது மட்டுமல்ல, அந்த ஊருக்கு என்ன ஆகிறது என்பதும் அதோடு போட்டுடைக்கப்பட்டது. நான்கு வருடம் தள்ளி வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். முடிவை முதலில் காட்டிவிட்டு ஆரம்பத்தைப் பிறகு தருவதை எப்படிப் பொறுப்பது?

ரசிகர்கள் இதற்கு ஆளுக்கொரு வழி கண்டார்கள். சிலர் நிஜமாகவே ஜப்பானிய மொழி படிக்கப் போனார்கள். சிலர் ஒரு பக்கம் ஜப்பானிய ஆட்டம், மறு பக்கம் உலாவியில் ஆங்கில வசனம் என்று வைத்துக்கொண்டு ஆடினார்கள். நானும் முயன்று பார்த்தேன். கதை புரியும், கண் மட்டும் இரண்டு திரைக்கும் நடுவே அலைந்துகொண்டே இருக்கும். வசனத்தைப் படித்து முடிப்பதற்குள் நடிப்புக் குரல் முடிந்துவிடும். ரொம்ப நாள் தாங்கவில்லை. இன்னொரு கூட்டம் பதிப்பாளர் எதைப் பதிவிட்டாலும், பண்டிகை வாழ்த்தாக இருந்தாலும், கீழே போய் ‘கிராஸ்பெல் எங்கே?’ என்று கேட்டது. வேடிக்கையாக ஆரம்பித்துப் பிறகு வெறும் தொந்தரவாக மாறியது அது.

உருப்படியாகச் செய்தது ஜியோஃபிரண்ட் என்ற ரசிகர் குழு. 2020இல் ‘ஜீரோ’வுக்கும் 2021இல் ‘அஸூர்’க்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பை இலவசமாக வெளியிட்டார்கள். நான் ‘ஜீரோ’வை அப்படித்தான் ஆடினேன். எங்கேயும் ரசிகர் வேலை என்ற நினைப்பே வரவில்லை. ‘அஸூர்’ வந்த கொஞ்ச நாளிலேயே என்ஐஎஸ் அமெரிக்கா என்ற பதிப்பு நிறுவனம் அவர்களுடைய மொழிபெயர்ப்பை அடிப்படையாக வைத்து இரண்டையும் அதிகாரபூர்வமாக வெளியிடப்போவதாக அறிவித்தது. இலவசக் கோப்புகள் எடுக்கப்பட்டன. கடைக்கு வந்தது 2022இலும் 2023இலும். கையில் இருந்ததைப் பிடுங்கிவிட்டார்கள் என்று கொதித்தவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கோபம் வரவில்லை. உழைத்தவர்களின் பெயர் ஆட்டத்துக்குள்ளேயே வந்தது நல்ல முடிவு.

‘சீக்கிரம் கொடு, அது போதும்’ என்பவர்களுக்கு 2017ஐ நினைவூட்டுவேன். அதே ஃபால்கமின் இன்னொரு ஆட்டமான ‘யீஸ் 8’ ஆங்கிலத்தில் ஒரு வருடம் சொச்சத்திலேயே வந்தது. மொழிபெயர்ப்பு அவ்வளவு மோசமாக இருந்ததால் பதிப்பாளரான என்ஐஎஸ் அமெரிக்காவே மன்னிப்புக் கேட்டு வசனங்களைத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. ‘டிரெய்ல்ஸ்’ அதே பதிப்பாளரிடம் போனபோது வயிறு கலங்கியவர்களில் நானும் ஒருவன். 2019இல் வந்த ‘கோல்ட் ஸ்டீல் 3’ நன்றாகவே இருந்தது, இரண்டு வருடம் எடுத்துக்கொண்டு. என் அளவில் அது நியாயமான இடைவெளி. தொடரில் பிறகு வந்த ‘டேபிரேக்’ 2021இலிருந்து 2024 வரை இழுத்தது கொஞ்சம் அதிகம். அந்த மூன்று வருடத்தில் யூடியூப் தம்ப்நெயில்களே பாதிக் கதையைச் சொல்லிவிட்டன.

2025 செப்டம்பரில் ‘ஸ்கை’ முதல் பாகத்தின் மறுஆக்கம் ஜப்பானிலும் மற்ற நாடுகளிலும் ஒரே நாளில் வெளியானது. இந்தத் தொடரில் இப்படி நடக்கும் என்று பத்து வருடம் முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். புதிதாகத் தொடங்குபவர்கள் தாராளமாக அதிலிருந்தே தொடங்கலாம், பார்க்கவும் அழகு. ஒன்றே ஒன்று: கதை பாதியில் நின்றால் தூக்கம் வராத ஆளாக இருந்தால், பழைய இரண்டாம் பாகத்தையும் ஸ்டீமில் வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.