கிடத்திப் பார்ப்பதா, வெட்டிப் பார்ப்பதா?

இண்டியம் ஆர்சனைடு என்ற குறைக்கடத்தியாலான நானோகம்பியின் (மிக மிக மெல்லிய கம்பி) மேல் அலுமினியம் பூசிய கலப்புப் படிகம், குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகான கியூபிட் பற்றிய ஆய்வில் முக்கியமான பொருள். 2015இல் கோபன்ஹேகனின் நீல்ஸ் போர் நிறுவனக் குழு இதைக் காற்றே படாமல், ஒரே வெற்றிட அறைக்குள் வளர்த்துக் காட்டியது. இரு படிகங்களும் சந்திக்கும் எல்லை சுத்தமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதைப் பார்க்க இரண்டு வழிகள் உண்டு.

கம்பியை ஒடித்து கார்பன் படலத்தில் கிடத்துவது எளிது, சீக்கிரம் முடிந்துவிடும். நீளவாக்கில் அணு அடுக்குகள் எங்கே வரிசை பிறழ்ந்திருக்கின்றன என்பது பளிச்சென்று தெரியும். சரியான கோணத்தில் சாய்த்தால் எல்லையும் தெரியும்: இண்டியம் ஆர்சனைடின் இரண்டு படிக அலகுகளுக்கு, அதாவது அணு அமைப்பு திரும்பத் திரும்ப வரும் சிறு கட்டங்களுக்கு (2 × 0.606 நானோமீட்டர்), அலுமினியத்தின் மூன்று (3 × 0.405) ஏறக்குறைய கச்சிதமாகப் பொருந்துவதை இப்படித்தான் நேரில் பார்க்க முடிகிறது. ஆனால் எலக்ட்ரான் கம்பி முழுவதையும் துளைத்து வருவதால், முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே படத்தில் கலந்துவிடும்.

குறுக்கே வெட்டினால் கம்பியின் அறுகோண வடிவம் அப்படியே தெரியும், எந்த முகங்களில் அலுமினியம் ஏறியது, எவ்வளவு தடிமன் என்பது உட்பட. வெட்டுவதுதான் வம்பு. வெட்டுவதற்கு வழக்கமாகப் பயன்படும் காலியம் அயனிக் கற்றை அலுமினியத்துக்கு ஜென்மப் பகை; அலுமினியத்துக்குள் இருக்கும் சிறு படிகமணிகளின் எல்லைகளில் காலியம் புகுந்துவிடும். அப்புறம் தெரியும் குறை வளர்ப்பில் வந்ததா, வெட்டியதில் வந்ததா?

என்னைக் கேட்டால், முதலில் கிடத்திப் பார்த்து, தேறிய கம்பிகளை மட்டும் வெட்ட அனுப்பலாம்.