300பி, 2ஏ3, இஎல்84: உங்கள் ஸ்பீக்கருக்கு எந்த வால்வு ஆம்ப்ளிஃபயர்?

குறைந்த வாட் வால்வு ஆம்ப்ளிஃபயர் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வெற்றிடக் குழாய்களால் இயங்குவது) வாங்க நினைப்பவர்கள் எந்த வால்வு நல்லது என்றுதான் முதலில் தேடுகிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது ஸ்பீக்கரின் கையேட்டில் இருக்கும் சென்சிட்டிவிட்டி எண்ணை. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பதைச் சொல்லும் எண் அது. அந்த ஓர் எண்ணே பாதி முடிவை எடுத்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு. ஸ்பீக்கர் 87 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். சுமார் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து, சராசரியாக 75 டெசிபலில் நிம்மதியாகப் பாட்டு கேட்கிறீர்கள். அதற்குக் கால் வாட்கூடத் தேவையில்லை. ஆனால் இசை சராசரியிலேயே நிற்பதில்லை. தோல்கருவியில் ஓர் அடி விழும்போதும், பாடகர் உச்சத்துக்குப் போகும்போதும் சத்தம் 15, 20 டெசிபல் எகிறும். ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் பத்து மடங்கு வாட் வேண்டும் என்பதால், 15 டெசிபல் எகிறினால் 5 வாட், 20 எகிறினால் 16 வாட் ஆகிவிடும். இதே இடத்தில் 97 டெசிபல் ஸ்பீக்கர் இருந்தால் அந்த 5 வாட் அரை வாட்டாகவும், 16 வாட் ஒன்றரை வாட்டாகவும் சுருங்கிவிடும். ஆம்ப்ளிஃபயரை மாற்றி இவ்வளவு பெரிய லாபத்தைப் பார்க்கவே முடியாது.

அந்த எண்ணிலும் ஒரு பொறி உண்டு. பல நிறுவனங்கள் ஒரு வாட்டுக்குப் பதிலாக 2.83 வோல்ட் கொடுத்து அளக்கின்றன. 8 ஓம் ஸ்பீக்கரில் (ஓம் என்பது ஸ்பீக்கர் மின்சாரத்துக்குக் காட்டும் தடையின் அளவு) அது சரியாக ஒரு வாட். 4 ஓம் ஸ்பீக்கரிலோ அது இரண்டு வாட். ஆகவே 4 ஓம் ஸ்பீக்கரில் '90 டெசிபல், 2.83 வோல்ட்' என்று எழுதியிருந்தால் 3 டெசிபலைக் கழித்துவிட்டு 87 என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது வால்வுகளுக்கு வருவோம்.

300பி வால்வை அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் 1930களில் கொண்டுவந்தது. அதன் குடும்பம் திரையரங்குகளின் ஒலிக்கருவிகளில் பேர் வாங்கியது. சிங்கிள் எண்டட் அமைப்பில், அதாவது ஒரு சேனலுக்கு ஒரே ஒரு பவர் வால்வு என்ற கணக்கில், சுமார் 8 வாட் தரும். நேர்த்தியாக உருவாக்கிய 300பி ஆம்ப்ளிஃபயரில் மனிதக் குரல் கேட்பது பெரிய சுகம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிக்கல் அந்த 'நேர்த்தியாக' என்ற சொல்லில் இருக்கிறது. 300பியை முழு வீச்சில் ஓட்ட அதன் கிரிட்டுக்கு (சிக்னல் உள்ளே நுழையும் முனை) 60, 70 வோல்ட் உச்ச சிக்னல் தர வேண்டும். அதற்குத் திடமான டிரைவர் பகுதி, அதாவது பவர் வால்வுக்கு முன்னால் சிக்னலைப் பெருக்கித் தரும் பகுதி, வேண்டும். விலை குறைக்க நினைக்கும் தயாரிப்பாளர் முதலில் கை வைப்பது அங்கேதான், அடுத்தது வால்வையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில். பெயர்ப்பலகையில் 300பி என்று பளபளக்கும், உள்ளே டிரைவர் மூச்சு வாங்கும். அப்படிப்பட்ட ஒன்றை வாங்குவதைவிட அதே செலவில் எளிமையான வேறு ஆம்ப்ளிஃபயரை வாங்குவது எவ்வளவோ மேல்.

2ஏ3 அதைவிடச் சற்று மூத்தது, அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்தின் படைப்பு. 250 வோல்ட்டில் 60 மில்லி ஆம்பியர் ஓட்டினால் 3.5 வாட் கிடைக்கும். 8 வாட்டோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவு என்று தோன்றும். ஆனால் டெசிபலில் வித்தியாசம் மூன்றரைதான். 300பிக்குப் போதுமான ஸ்பீக்கர் பெரும்பாலும் 2ஏ3க்கும் போதும். அதன் கிரிட்டுக்கு 45 வோல்ட் உச்ச சிக்னல் இருந்தாலே போதும் என்பதால் டிரைவர் பகுதி எளிதாகிவிடுகிறது.

இன்னொரு விஷயத்தை நிறையப் பேர் கவனிப்பதில்லை. இந்த இரண்டு வால்வுகளிலும் ஃபிலமென்ட்டே (சூடாகும் இழை) எலக்ட்ரானை உமிழும் கேத்தோடாகவும் வேலை செய்கிறது. அதை ஏசி மின்சாரத்தில் சூடாக்கினால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் நுழையும். 300பிக்கு ஃபிலமென்ட் வோல்ட் 5, 2ஏ3க்கு 2.5 மட்டுமே. அதனால் ஏசியில் ஓட்டும்போது 2ஏ3 இயல்பாகவே அமைதியானது. 100 டெசிபலைத் தொடும் ஹார்ன் ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் அந்த ஸ்பீக்கர் இசையைப் போலவே இரைச்சலையும் பெரிதாக்கிக் காட்டும். சென்சிட்டிவிட்டி 95க்கு மேல் உள்ளவர்களுக்கு 300பியைவிட 2ஏ3யைத்தான் நான் சொல்வேன்.

அப்புறம் இஎல்84. இது 1950களில் வந்த சின்ன பென்டோட், அதாவது ஐந்து மின்முனை வால்வு; 300பியும் 2ஏ3யும் மூன்று மின்முனை கொண்ட ட்ரையோடுகள். ரேடியோவிலும் கிட்டார் ஆம்ப்ளிஃபயரிலும் எக்கச்சக்கமாக உழைத்த வால்வு. வாக்ஸ் ஏசி30 கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்குள் இருப்பது நான்கு இஎல்84தான். இரண்டைச் சேர்த்து, ஒன்று தள்ள ஒன்று இழுக்கும் புஷ்-புல் அமைப்பில் ஓட்டினால் 10 முதல் 15 வாட் வரை கிடைக்கும். பிரிட்டனின் முல்லார்டு நிறுவனம் வெளியிட்ட 5-10 என்ற சர்க்யூட்டின் பெயரே ஐந்து வால்வு, பத்து வாட் என்பதைத்தான் குறிக்கிறது. ஓட்டுவதற்குப் பத்துப் பன்னிரண்டு வோல்ட் சிக்னல் போதும். வால்வு இன்றும் சில நாடுகளில் தயாராகிறது, மாற்றுவதற்குச் சொத்தை விற்க வேண்டியதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: கூடுதல் வாட்டுக்காகச் சிலர் இதை அதன் எல்லைக்கு மேல் சூடாக ஓட்டுகிறார்கள். அதன் ஆனோடு (எலக்ட்ரான் போய்ச் சேரும் தகடு) தாங்குவது 12 வாட் வெப்பம். அந்த எல்லையைத் தாண்டினால் வால்வின் ஆயுள் சட்டென்று குறையும்.

சிங்கிள் எண்டட் ட்ரையோட் ரசிகர்கள் புஷ்-புல்லைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரணம் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டுக்குள்ளேயே இருக்கும் தடை. ஃபீட்பேக் (வெளியீட்டில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே கொடுத்துப் பிழையைத் திருத்தும் உத்தி) இல்லாத 2ஏ3 ஆம்ப்ளிஃபயரின் 8 ஓம் முனையில் அது சுமார் 2.5 ஓம் இருக்கும். ஸ்பீக்கரின் ஓம் எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஓரிடத்தில் 30 ஓமுக்கு ஏறி இன்னோரிடத்தில் 3.5 ஓமுக்கு இறங்கும் ஸ்பீக்கர் என்றால், இந்த ஆம்ப்ளிஃபயரில் அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே சுமார் 4 டெசிபல் ஏற்றத்தாழ்வு விழும். காதுக்கு அது நன்றாகவே தெரியும். 'வால்வின் இனிமை' என்று கொண்டாடப்படுவதில் ஒரு பங்கு இந்த ஏற்றத்தாழ்வுதான். சில ஸ்பீக்கரில் அது இனிக்கும், சிலவற்றில் பேஸ் கொழகொழவென்று ஆகிவிடும். இஎல்84 புஷ்-புல்லில் அளவான ஃபீட்பேக் கொடுத்திருந்தால் இந்தத் தொல்லை பெருமளவு அடங்கும்.

டிரான்ஸ்ஃபார்மரிலும் புஷ்-புல்லுக்குச் சாதகம் உண்டு. இரண்டு வால்வுகளின் டிசி மின்னோட்டம் எதிரெதிராக ஓடி ஒன்றையொன்று ரத்து செய்துவிடுவதால், சின்ன இரும்புக்கருவே நல்ல பேஸ் தரும். சிங்கிள் எண்டட் அமைப்பில் டிசி ஒரே பக்கம் ஓடுகிறது. கரு காந்தச் செறிவு அடையாமலிருக்க அதில் காற்று இடைவெளி விட வேண்டும். இடைவெளி விட்டால் பேஸுக்குத் தேவையான இண்டக்டன்ஸ் குறையும், அதை ஈடுகட்ட டிரான்ஸ்ஃபார்மர் பெருக்க வேண்டும். ஆகவே சிங்கிள் எண்டட் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிப் பார்க்கும்போது லேசாக இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஒற்றை இஎல்84 சிங்கிள் எண்டட் ஆம்ப்ளிஃபயரும் கிடைக்கிறது: பென்டோடாக 4, 5 வாட், ட்ரையோடாக இணைத்தால் 2 வாட் அளவில். படிப்பு மேசையில், கைக்கெட்டும் தூரத்தில் ஸ்பீக்கர் வைத்துக் கேட்பவருக்குப் போதும். பென்டோடாக ஓட்டினால் அவுட்புட் இம்பீடன்ஸ் அதிகம், ஆகவே ஃபீட்பேக் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

எதை வாங்கினாலும் உள்ளே 250 வோல்ட்டுக்குக் குறையாத டிசி இருக்கும், மின்சாரத்தை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் அது தங்கும். மூடியைத் திறந்து கை வைப்பது தெரிந்தவர் வேலை. ஸ்பீக்கரை இணைக்காமல் பாட்டு ஓட்டவும் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடலாம்.

இனி முடிவு. ஸ்பீக்கர் 89 டெசிபலுக்குக் கீழே என்றால் இஎல்84 புஷ்-புல், வேறு யோசனையே வேண்டாம். பிபிசி எல்எஸ்3/5ஏ போல 83 டெசிபல் அளவில் நிற்கும் சின்ன ஸ்பீக்கருக்கு அதுவும் சிறிய அறையில், அளவான சத்தத்தில்தான் சரிப்படும். 95க்கு மேல் என்றால் 2ஏ3. இடையில், 90 முதல் 94 வரை இருப்பவர்களுக்குத்தான் 300பி உண்மையில் ஒரு போட்டியாளர். அங்கேயும் ஸ்பீக்கரின் ஓம் 6க்குக் கீழே இறங்காமல் இருந்து, கேட்பது பெரும்பாலும் குரலும் சில கருவிகளும் மட்டும் என்றால் 300பி எடுங்கள். முழு ஆர்கெஸ்ட்ராவோ ராக்கோ கேட்பவர் என்றால் இஎல்84 புஷ்-புல்லே உங்களுக்கு நெருக்கம்.