எஃப்எஃப்எம்பெக்: ஆப்ட் தொகுப்பா, சோர்ஸ் கோடா?

வீடியோ, ஆடியோவை வேறு வடிவுக்கு மாற்றும் நிரல் எஃப்எஃப்எம்பெக். டெபியன் லினக்ஸில் அதை ஆப்ட் (தொகுப்புகளை நிறுவும் கருவி) வழி நிறுவினால் ஒரே கட்டளை. எக்ஸ்264, எக்ஸ்265 ஆகிய வீடியோ என்கோடர்கள் உள்ளேயே இருக்கும். பாதுகாப்புத் திருத்தங்கள் வழக்கமான அப்டேட்டிலேயே வந்துவிடும். பெரும்பாலானோருக்கு இது தாராளமாகப் போதும்.

சோர்ஸ் கோடிலிருந்து நீங்களே கம்பைல் செய்ய (ஓடும் நிரலாக உருவாக்க) நல்ல காரணம் எஃப்டிகே ஏஏசி என்ற ஆடியோ என்கோடர். உரிமச் சிக்கலால் ஆப்ட் தொகுப்பில் அது இல்லை. எக்ஸ்264-உடன் சேர்த்து அதையும் பெற, கம்பைலுக்கு முன் ஓட்டும் கன்ஃபிகர் கட்டளையில் ஜிபிஎல், நான்ஃப்ரீ என்ற இரண்டு உரிமத் தேர்வுகளையும் இயக்க வேண்டும். அப்படி உருவான நிரலைப் பிறருக்கு வழங்க உரிமம் இடம்தராது. கன்ஃபிகர் ‘எக்ஸ்264 நாட் ஃபவுண்ட்’ என்று நின்றால், பெரும்பாலும் அதன் டெவ் தொகுப்பு (கம்பைலுக்குத் தேவையான கோப்புகள்) விடுபட்டிருக்கும். நாஸ்ம் (வேகத்துக்காக அசெம்பிளி மொழியில் எழுதிய பகுதிகளைக் கம்பைல் செய்யும் கருவி) இல்லை என்றால் நிறுவிக்கொள்ளுங்கள். அசெம்பிளியை முடக்கித் தாண்டினால் மாற்றும் வேகம் படுத்துவிடும். நிறுவும் கட்டளையான மேக் இன்ஸ்டால் முடிந்தும் பழைய பதிப்பே ஓடுகிறதா? புதிய டெர்மினலைத் திறந்து பாருங்கள். ஷெல் பழைய பாதையையே நினைவில் வைத்திருக்கும். திருத்தங்கள் வரும்போதெல்லாம் மறுபடி கம்பைல் செய்வதும் உங்கள் வேலைதான்.