கார்மின் ஃபோர்ரன்னர் 55: இரண்டு வருடம் கையில் கட்டிய பிறகு எழுதுகிறேன்

2023 ஆகஸ்டில், காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போதெல்லாம் வலது குதிகாலில் முள் ஏறியது போல வலிக்கும். பத்து அடி நடந்தால் குறையும். பள்ளிக்கூடத்தில் நாலாவது பீரியடுக்குள் திரும்ப வந்துவிடும். நான் கணக்கு டீச்சர், ஒரு நாளைக்கு நாலைந்து மணி நேரமாவது நின்றுகொண்டேதான் வேலை. எங்கள் பக்கம் இதைக் குதிகால் வாதம் என்பார்கள். பாதத்தின் அடியில் இருக்கும் தசைநார்ப் பட்டை நைந்திருக்கிறது என்று பிசியோதெரபிஸ்ட் விளக்கினார். படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, விரல்களுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்கும் பயிற்சியைக் கொடுத்தார். கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்டார். "வாரத்துல எத்தனை நாள் மெதுவா ஓடுவீங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வாரத்தில் நாலு நாள் ஓடுவேன். நாலு நாளும் ஒரே வேகம்தான், கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம். மூச்சு வாங்கும், ஆனால் நிற்க வேண்டியிருக்காது. நிற்காமல் மூச்சு வாங்க ஓடுவதுதான் ஓட்டம் என்று நினைத்திருந்தேன். "துடிப்பைப் பாத்து ஓடுங்க, இல்லன்னா இந்தக் கால் ஆறாது" என்றார்.

அதற்காக அந்த வருடம் தீபாவளித் தள்ளுபடியில் வாங்கியதுதான் இந்தக் கடிகாரம். முதலில் ஊரில் ஒரு கடையில் கேட்டேன். ரோஸ் கலரில் ஒன்றை எடுத்து நீட்டி, "லேடீஸுக்கு ஸ்டெப்ஸ் பாக்க இது போதும் மேடம்" என்றார் கடைக்காரர். அரை மாரத்தானுக்குப் பயிற்சி செய்கிறேன் என்று இரண்டு முறை சொன்னேன், அவர் காதில் விழவில்லை. ஆன்லைனில் வாங்கிவிட்டேன்.

ஃபோர்ரன்னர் 55 வெளிவந்தது 2021இல். எடை 37 கிராம், கட்டியிருப்பதே தெரியாது. தொடுதிரை இல்லை, ஐந்து பட்டன்கள்தான். இதைக் குறை என்று எழுதுகிறவர்கள் மதுரை வெயிலில் ஓடிப் பார்க்க வேண்டும். விரலெல்லாம் வியர்வை வழியும்போது பட்டன்தான் சொன்ன பேச்சைக் கேட்கும். திரை பளபளப்பாக இருக்காது, நிறங்கள் மங்கல்தான். ஆனால் உச்சி வெயிலிலும் எண் தெளிவாகத் தெரியும். ஒரு முறை சார்ஜ் செய்தால் 14 நாள் வரை, ஜிபிஎஸ் ஓடிக்கொண்டே இருந்தால் 20 மணி நேரம் என்பது கார்மின் தரும் கணக்கு. வாரத்துக்கு ஐந்து மணி நேரம் ஓடும் எனக்கு ஒன்பது பத்து நாள் வருகிறது.

கட்டும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கடிகாரத்தின் அடியில் இருக்கும் பச்சை விளக்கு தோலுக்குள் ரத்தம் வந்து போவதைப் பார்த்துத் துடிப்பை எண்ணுகிறது. பட்டை தளர்ந்திருந்தால் வெளிச்சம் உள்ளே புகுந்து கணக்கு கெடும். சில சமயம் துடிப்புக்குப் பதிலாக நம் காலடியை எண்ணிக்கொண்டிருக்கும். சும்மா ஓடும்போது 168 என்று வந்து நகராமல் நின்றால் அதைச் சந்தேகப்படுங்கள். மணிக்கட்டில் கட்டும் எந்த கம்பெனிக் கடிகாரத்துக்கும் இது பொது. மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, கொஞ்சம் இறுக்கமாகக் கட்ட வேண்டும். எனக்கு அந்த இடத்தில்தான் வளையல். வளையலைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பிய முதல் நாளே அத்தை வாசலில் நிறுத்திவிட்டார். "கட்டுன பொம்பள கையை மொட்டையா வச்சுக்கிட்டு வெளிய போறதா?" அவருக்கு அது சின்ன விஷயம் இல்லை, எனக்கும் அவர் மனசை நோகடிக்க இஷ்டம் இல்லை. இரண்டு வளையலையும் வலது கைக்கு மாற்றிக்கொண்டேன். இன்றுவரை அப்படித்தான்.

அடுத்தது, வாங்கியதும் எல்லாரும் செய்ய வேண்டிய வேலை. உச்சத் துடிப்பைக் கடிகாரம் முதலில் வயதை வைத்துத்தான் போட்டுக்கொள்கிறது, 220இலிருந்து வயதைக் கழிக்கும் பழைய கணக்கு. எனக்கு அப்போது 41 வயது, அதனால் 179. அது கோடிப் பேருக்குச் சராசரியாகப் பொருந்தலாம், ஒரு ஆளுக்குப் பத்து பதினைந்து துடிப்பு முன்னே பின்னே இருக்கும். கால் ஆறிய பிறகு, பிசியோதெரபிஸ்ட் சரி என்று சொன்ன பிறகு, ஒரு நாள் நன்றாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு மூன்று முறை முழு மூச்சாக ஓடிப் பார்த்தேன். 192 வந்தது. மெதுவான ஓட்டம், நடுத்தரம், கடினம் என்று கடிகாரம் துடிப்பைப் பிரித்துக் காட்டும் படிகளைத் துடிப்பு மண்டலங்கள் என்பார்கள். அந்த எண்ணைப் போட்டதும் அவை எல்லாம் இடம் மாறின. அதுவரை "கடினம்" என்று காட்டிக்கொண்டிருந்த ஓட்டம் நடுத்தரம் ஆனது. இந்த ஒன்றைச் செய்யாமல் மண்டலங்களை நம்பி ஓடினால் வாங்கிய காசுக்குப் பாதிப் பயன்தான். இதய நோயோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இப்படி ஓடிப் பார்க்க வேண்டாம்.

நான் ஓடுவது வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி. 1645இல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம். மகாலுக்கு மண் எடுத்த பள்ளம்தான் இது என்றும், தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சி அம்மன் கோயிலில் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார் என்றும் ஊரில் சொல்வார்கள். என் கடிகாரத்தில் ஒரு சுற்று ஏறக்குறைய ஒன்றேகால் கிலோமீட்டர். விடிவதற்கு முன்னால் நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டு நடக்கும் அக்காமார்கள் முதல் போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் பையன்கள் வரை எல்லாரும் அங்கே இருப்பார்கள். துடிப்பு 140ஐத் தாண்டினால் அதிரும்படி வைத்துவிட்டு ஓடினேன். முதல் வாரம் முழுக்க அதிர்ந்துகொண்டேதான் இருந்தது. ஏழு நிமிட வேகம் எட்டேகால் ஆனது. வேகமாக நடக்கும் ஒரு பெரியவர் என்னைத் தாண்டிப் போனார். அன்றைக்கு அழுகை வந்தது, உண்மையாகவே.

இதயத் துடிப்புக்கு என்னிடம் இன்னொரு சோதனையும் உண்டு. பதினேழாம் வாய்பாட்டைத் தடுமாறாமல் சொல்லிக்கொண்டே ஓட முடிந்தால் அது மெதுவான ஓட்டம். ஏழு பதினேழு நூற்றுப் பத்தொன்பதில் மூச்சு அறுந்தால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். இந்த வாய்பாடும் கடிகாரமும் பெரும்பாலும் ஒன்றையேதான் சொல்கின்றன. நார்வேயில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் ஸ்டீபன் சீலர் என்ற ஆய்வாளர், உலகத்தரமான நீண்டதூர வீரர்கள் பத்தில் எட்டுப் பயிற்சிகளை மெதுவாகத்தான் செய்கிறார்கள் என்று கண்டு எழுதியிருக்கிறார். அவர்களுக்கே அப்படி என்றால், சோறு வடித்து வைத்துவிட்டு ஓட வரும் எனக்கு என்ன அவசரம்?

மே மாதத்தில் இந்தக் கடிகாரம் இல்லாவிட்டால் நான் பழைய தவறையே செய்திருப்பேன். டிசம்பரில் எட்டேகால் நிமிட வேகத்துக்கு 138 துடிக்கும். மே மாதம் அதே தெப்பக்குளம், அதே வேகம், 150. உடம்பு சூட்டைத் தணிக்க ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது, வியர்வையில் நீர் போய்விடுகிறது, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தம் குறைய, அந்தக் குறையைத் துடிப்பின் எண்ணிக்கையைக் கூட்டி ஈடுகட்டுகிறது. என் உடல்தகுதி போய்விட்டது என்று முன்பு பயந்திருப்பேன். இப்போது மே மாதத்தில் வேகத்தைக் காட்டும் திரையையே எடுத்துவிடுகிறேன். துடிப்பும் நேரமும் மட்டும் போதும்.

ஓடி முடித்ததும் ரெக்கவரி டைம் என்று ஒரு எண் வரும். ஞாயிற்றுக்கிழமை 16 கி.மீ. முடித்தால் 40 மணி நேரத்துக்குப் பக்கத்தில் காட்டும். முதல் இரண்டு மாதம் இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, பூஜ்யம் ஆகும்வரை ஷூவையே தொடாமல் இருந்தேன். அடுத்த கடினமான பயிற்சிக்குத்தான் அந்த நேரம், மெதுவான ஓட்டத்துக்குத் தடை இல்லை. இது ஓட்டத்தின் பாரத்தைச் சொல்லும் எண்.

வீட்டுப் பாரத்துக்கு நான் பார்ப்பது பாடி பேட்டரி. உடம்பில் எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கிறது என்று காட்டும் எண், 5இலிருந்து 100 வரை. துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி எப்படி மாறுகிறது, எப்படித் தூங்கினோம், பகலில் எவ்வளவு பதற்றம் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் போடும் கணக்கு. நன்றாகத் தூங்கிய நாளில் எனக்கு 80ஐத் தாண்டும். பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போன வாரத்தில் காலையிலேயே 31. அந்த வாரம் ஒரு நாள்கூட ஓடவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தேன். உட்கார்ந்திருந்தால் ஓய்வு என்று அதுவரை நானும் நினைத்தேன், வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். ஒரு மதிப்பெண்ணில் ஒரு பிள்ளை தோற்றுவிடுமோ என்று நாள் முழுக்க மனசு இறுகிக் கிடப்பது உடம்பில் எங்கே போய்ச் சேருகிறது என்பதை அந்த எண்ணில் பார்த்தேன்.

இதில் நான் எதிர்பார்க்காதது நடந்தது அத்தையிடம்தான். "அலுப்பா இருக்கு" என்று நான் சொன்னால், "எதுக்கு அம்புட்டுத் தூரம் ஓடணும்?" என்பதுதான் எப்போதும் பதிலாக வரும். எண்ணுக்கு அவரிடம் வேறு மரியாதை. இப்போது விடிகாலையில் காபி டம்ளரை வைத்துக்கொண்டு அவரே கேட்கிறார்.

"ஏம்மா, இன்னைக்கு எம்புட்டு இருக்கு?"

"முப்பத்தாறு அத்தை."

"அப்பப் பேசாமப் போய்ப் படு. இட்லியை நான் ஊத்திக்கிறேன்."

இருபது வருடமாக இதே வீட்டில் இருக்கிறேன். காலையில் போய்ப் படு என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது இந்தக் கடிகாரம் வந்த பிறகுதான்.

பெண்களுக்காக ஒன்று. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் எனக்கு ஓய்வுத் துடிப்பு, அதாவது உடம்பு ஓய்வாக இருக்கும்போது உள்ள துடிப்பு, இரண்டு மூன்று கூடுகிறது. மாதம் தவறாமல் வரைபடத்தில் தெரிகிறது. உடல் வெப்பமும் அப்போது சற்றுக் கூடுவது இயல்புதான். வேகப் பயிற்சி சரியாக வராத அந்த வாரத்தை நான் வருடக்கணக்காகச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டு என்னையே திட்டியிருக்கிறேன். இப்போது அந்த வாரத்தில் தூரத்தைக் குறைத்து, குதிகால் பயிற்சியைக் கூட்டிவிடுகிறேன். சென்ற நவம்பரில் இந்தக் கணக்குக்குப் பொருந்தாமல் ஒரு நாள் ஓய்வுத் துடிப்பு 57இலிருந்து 68க்கு ஏறியிருந்தது. ஓடாமல் பள்ளிக்குப் போனேன், மதியம் காய்ச்சல் வந்தது. காய்ச்சலைக் கண்டுபிடிக்கும் கருவி இது என்று சொல்லவில்லை. அன்று காலை பத்து கிலோமீட்டர் ஓடாமல் இருந்ததற்குச் சந்தோஷப்படுகிறேன், அவ்வளவுதான்.

இதில் இல்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். காற்றழுத்தத்தை வைத்து உயரம் பார்க்கும் கருவி இல்லை. கொடைக்கானல், அழகர்மலை என்று ஏறி ஓடுபவர்கள் வேறு மாடல் பாருங்கள். பாட்டுகளைச் சேமிக்க இடம் இல்லை, போனில் ஓடும் பாட்டை மாற்றலாம். சார்ஜ் செய்ய இதற்கென்றே தனி கேபிள் வேண்டும், போன் கேபிள் சேராது. ரேஸ் நேரத்தைக் கணித்துக் காட்டும் பக்கம் ஒன்று உண்டு. எனக்கு அரை மாரத்தானுக்கு 2 மணி 6 நிமிடம் என்று காட்டியது. அது மூச்சின் கணக்கு, 21 கிலோமீட்டரைத் தாங்க வேண்டியது குதிகால். அதற்கு ஆசைப்படாமல் ஜனவரியில் சென்னையில் 2 மணி 19 நிமிடத்தில் முடித்தேன். பழைய நேரத்தைவிட ஐந்து நிமிடம் குறைவு. மறுநாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தபோது வலி இல்லை. என் கணக்கில் அதுதான் பரிசு.

2024இல் ஃபோர்ரன்னர் 165 வந்துவிட்டது. பளிச்சென்ற அமோலெட் திரை, உயரமானி எல்லாம் அதில் உண்டு. கையில் காசு இருந்தால் அதை வாங்கலாம். முதல் அரை மாரத்தானுக்குப் பயிற்சி எடுப்பவர்களுக்கும், வாரம் நாலு நாள் மட்டுமே ஓட நேரம் கிடைப்பவர்களுக்கும், 55 நல்ல தள்ளுபடியில் கிடைத்தால் தயங்க வேண்டாம் என்பேன். பட்டையை மட்டும் தினமும் கழற்றிக் கழுவுங்கள். வியர்வையும் சோப்பும் அடியில் தங்கினால் அரிப்பு வரும், எனக்கு வந்தது. ராத்திரி ஓய்வுத் துடிப்பு வேண்டாம் என்றால் கழற்றி வைத்துத் தூங்கலாம். நான் கழற்றுவது ஞாயிறு மாலை சார்ஜ் போட மட்டும்தான். அந்த கேபிள் அத்தை கட்டிலுக்குப் பக்கத்து பிளக்கில் தொங்குகிறது, பத்திரமாக இருக்கட்டும் என்று அவரே கேட்டு வாங்கி மாட்டினார்.