கிறிஸ்துமஸ் மரம்: சிவப்பு–தங்கமா, நீலம்–வெள்ளியா?

ஓவியர்கள் நிறங்களை வட்டமாக அடுக்கிக் காட்டும் வண்ணச் சக்கரத்தில் பச்சைக்கு நேர் எதிரே இருப்பது சிவப்பு. அதனால் சிவப்பு உருண்டைகள் கொஞ்சமாக இருந்தாலும் கிளைகளுக்கு நடுவே பளிச்சென்று எடுபடும். பக்கத்தில் தங்க நிறம் இருந்தால் மரமே ஜொலிக்கும். நீலமோ பச்சைக்கு அண்டை நிறம்; கருநீலம் இலைகளுக்குள் மறைந்தே போகும். வெளிர் நீலம் எடுத்து, வெள்ளியைத் தாராளமாகக் கலந்தால்தான் கண்ணில் படும். செயற்கை வெள்ளை மரம் என்றால் கதையே வேறு, அங்கே நீலம் அள்ளும்!

விளக்கையும் பாருங்கள். 2700 கெல்வின் (ஒளியின் நிறச் சாயலைக் குறிக்கும் அலகு) அளவிலான மஞ்சள் சாயல் ஒளி சிவப்பையும் தங்கத்தையும் தூக்கிக் காட்டும், நீலத்தை மங்கடித்துவிடும். நீலம்–வெள்ளிக்குக் குளிர் வெள்ளை விளக்குதான் பொருத்தம்.

பச்சை மரத்துக்கு என் ஓட்டு சிவப்பு–தங்கத்துக்கே. எதை எடுத்தாலும், பெரிய உருண்டைகளை உள்கிளைகளிலும் சின்னவற்றை நுனியிலும் மாட்டுங்கள்.