தமிழ் வாசிப்பைத் தொடங்க எந்த வழி: அகர வரிசையா, முழுச்சொல்லா, ஒலி சேர்ப்பா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒலி சேர்ப்பு முறையின் பக்கம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லிக்கொடுக்க ஒரு வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது இதைத்தான் எடுத்தேன். அதனால் மூன்றுக்கும் சமமான இடம் கொடுப்பேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஏன் எடுத்தேன் என்பதை விளக்கமாகச் சொல்கிறேன், அதே தேர்வில் நிற்கும் ஆசிரியர்களுக்கு உதவும்.

மூன்று வழிகள் எவை என்று சுருக்கமாக. அகர வரிசை முறை எல்லாருக்கும் தெரிந்தது: உயிர் 12, மெய் 18, பிறகு உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, மொத்தம் 247. அட்டவணையை வரிசையாக முடித்துவிட்டுத்தான் சொற்களுக்குப் போவது. முழுச்சொல் முறையில் படத்தையும் அதன் கீழே உள்ள சொல்லையும் காட்டிக் காட்டி, சொல்லை மொத்தமாக மனதில் பதிய வைப்பது. ஒலி சேர்ப்பு முறையில் இரண்டு மூன்று எழுத்துகளை அவற்றின் ஒலியோடு கற்று, அன்றைக்கே அவற்றைச் சேர்த்துச் சொல்லாக வாசிப்பது, பிறகு ஒவ்வொரு எழுத்தாகவும் குறியாகவும் கூட்டிக்கொண்டே போவது. ட, ப, ம என்று தொடங்கும் வரிசை பல ஆசிரியர்களுக்குப் பழக்கமானதுதான்.

வெளிப்படையான நல்லது கெட்டதை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அட்டவணைக்கு ஆசிரியர் எதையும் தயாரிக்க வேண்டாம், வீட்டிலும் பெற்றோர் தொடர்ந்து சொல்லிக்கொடுப்பார்கள், பாட்டாகப் பாடலாம். முழுச்சொல் முறையில் முதல் நாளே பிள்ளை 'வாசித்துவிடும்', முகத்தில் சந்தோஷம் தெரியும். ஒலி சேர்ப்பில் வாசிப்புத் துணுக்குகளை ஆசிரியரே உட்கார்ந்து எழுத வேண்டும், அது நிஜமான வேலை, அதை மறைப்பதில் பயனில்லை.

சரி, இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். என் தேர்வை முடிவு செய்தது ஒரே ஒரு கேள்விதான்: இதுவரை பார்த்தே இராத ஒரு சொல் முன்னால் வந்தால் பிள்ளை என்ன செய்கிறது? மற்றதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். பாடப்புத்தகத்தில் தெரிந்த சொற்களை வாசிப்பதை நான் வாசிப்பாகவே கணக்கில் எடுப்பதில்லை, ஏனென்றால் அடுத்த பக்கத்தில், அடுத்த வகுப்பில், கடைப் பலகையில், எங்கும் புதுச் சொற்கள்தான் காத்திருக்கின்றன.

முழுச்சொல் முறை இந்தக் கேள்வியில் உடனே தடுமாறுகிறது. 'அம்மா'வைப் படமாக மனதில் வைத்திருக்கும் பிள்ளைக்கு 'அம்பு' என்று எழுதிக் காட்டினால் 'அம்மா' என்றே சொல்லும், அல்லது ஆசிரியர் முகத்தைப் பார்த்து ஊகிக்கும். இந்த ஊக வாசிப்பு எந்த மொழியிலும் சிக்கல்தான், ஆனால் தமிழில் இரட்டிப்புச் சிக்கல், காரணம் தமிழ்ச் சொல் ஒரே வடிவத்தில் நிற்பதே இல்லை. 'மரம்' என்ற சொல்லட்டையை நன்றாகக் கற்ற பிள்ளை கதையில் பார்ப்பது மரத்தில், மரங்கள், மரத்திலிருந்து, மரத்தடியில். கடைசி 'ம்' போய்விட்டது, நடுவில் 'த்' வந்துவிட்டது, வால் நீண்டுகொண்டே போகிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை போட முடியுமா? வேற்றுமை உருபும் பன்மையும் கால இடைநிலையும் ஒட்டிக்கொண்டே போகும் மொழிக்கு முழுச்சொல் நினைவு ஒருபோதும் போதாது.

'நாம் வேகமாக வாசிக்கும்போது சொல்லை முழுசாகத்தானே பார்க்கிறோம்?' என்று கேட்பவர்கள் உண்டு. பார்க்கிறோம்தான், ஆனால் அந்த நிலைக்கு வந்த வழி வேறு. லின்னியா ஏரி என்ற ஆய்வாளர் காட்டியது இதைத்தான்: சொல்லின் எழுத்துகளையும் அவற்றின் ஒலிகளையும் மனம் இணைத்துப் பிணைத்த பிறகே அந்தச் சொல் பார்த்ததும் தெரியும் சொல்லாக மாறுகிறது. அதாவது முழுச்சொல் அறிமுகம் என்பது எழுத்தைக் கூட்டி வாசித்ததன் விளைவு. விளைவையே தொடக்கமாக வைத்துக் கற்பிக்க முடியாது. டேவிட் ஷேர் 1995இல் இதை ஒட்டி எழுதினார்: புதுச் சொல் ஒன்றைப் பிள்ளை தானாகக் கூட்டி வாசிக்கும் ஒவ்வொரு முறையும் அது தனக்குத் தானே பாடம் நடத்திக்கொள்கிறது. வகுப்பில் நாற்பது பேர் இருக்கும் ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய உதவி என்ன வேண்டும்?

அகர வரிசை முறை இந்தக் கேள்வியில் முழுத் தோல்வி இல்லை. எழுத்துகளைக் கற்பதால் பிள்ளையிடம் கருவி இருக்கிறது. ஆனால் வரும் ஒழுங்கு கேடானது. முதல் சில வாரங்கள் 12 உயிர் எழுத்து. தமிழில் உயிரெழுத்து சொல்லின் தொடக்கத்தில்தான் வரும், அளபெடையை விட்டுவிடுங்கள். ஆக, பன்னிரண்டையும் மனப்பாடம் செய்த பிள்ளை அவற்றை மட்டும் வைத்து வாசிக்கக்கூடியவை ஆ, ஈ, ஓ போன்ற ஒன்றிரண்டு ஓரெழுத்துச் சொற்கள், அவ்வளவுதான். அப்புறம் 216 வருகிறது, அதில் ஙா, ஙி, ஙீ என்று ஒரு வரிசை முழுக்க, பிள்ளை எந்தப் புத்தகத்திலும் பார்க்கப்போகாத எழுத்துகள். 'ங்' மட்டும் நன்றாகத் தெரிந்தால் தங்கம், சங்கு, மாங்காய் எல்லாம் வாசித்துவிடலாம், மீதி பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது 'இக், இங், இச்'. மெய்யெழுத்துகளை இப்படித்தான் பாடிப் பழக்குகிறோம். விளைவு, 'பட்டம்' என்பதைப் பிள்ளை எழுத்தெழுத்தாக 'ப, இட், ட, இம்' என்கிறது. நான்கு எழுத்தும் சரி, ஆனால் சேர்த்தால் 'பஇட்டஇம்'. இல்லாத ஓர் இகரம் சொல்லுக்குள் இரண்டு இடத்தில் புகுந்து உட்கார்ந்துகொண்டது. எழுத்தெல்லாம் தெரியும், கூட்டத் தெரியவில்லை என்று நாம் சொல்லும் பிள்ளைகளில் பலருக்கு நிஜச் சிக்கல் இதுவே. எழுத்தின் பெயரை ஒலி என்று நம்பவைத்துவிட்டோம்.

ஒலி சேர்ப்பில் இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. தமிழ்ச் சொல் எதுவும் புள்ளி எழுத்தில் தொடங்காது, இரவல் சொற்களை விடுங்கள். ஆகவே புள்ளி எழுத்துக்கு முன்னால் எப்போதும் ஓர் எழுத்து இருக்கும், அதோடு ஒட்டியே சொல்லப் பழக்க வேண்டும். 'ட்' என்று தனியாகக் கேட்கவே கூடாது; 'பட்' என்று கேளுங்கள். பட்-டம், அம்-மா, மட்-டம். 'ம்' போல இழுக்கக்கூடிய ஒலியில் ஆரம்பித்தால் இன்னும் சுலபம், 'பம்ம்ம்' என்று நீட்டலாம். 'ட்', 'ப்' ஒலிகளை நீட்ட முடியாது, அவற்றைப் பிறகு சேர்க்கலாம். உயிர்மெய் அகரத்தில் உயிரொலி உள்ளேயே இருப்பதால் ப-ட என்று சேர்ப்பது எந்தப் பிள்ளைக்கும் வந்துவிடும். சிக்கல் புள்ளியில்தான், அங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

ட, ப, ம மூன்றையும் புள்ளியையும் வைத்து என்னென்ன வாசிக்கலாம் பாருங்கள்: படம், மடம், பட்டம், மட்டம். கால் சேர்த்தால் பாடம், மாடம், மாமா, பாப்பா, டப்பா. மேல்விலங்கு சேர்த்தால் படி, மடி, மாடி, பாட்டி, பிடி. இப்போதே 'மாமா, பட்டம் பிடி!' என்று ஒரு முழு வாக்கியம் எழுதிவிடலாம், பிள்ளை அதை யாரும் சொல்லாமல் வாசிக்கும். மூன்று எழுத்து, மூன்று குறி. அடுத்து உகரம் வந்ததும் மாடு, பாட்டு, பாம்பு.

உகரத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். கால், மேல்விலங்கு, கொம்பு எல்லாம் பெரும்பாலும் எல்லா எழுத்துக்கும் ஒரே மாதிரி; 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு ணா, றா, னா, லை, னை போன்ற 13 எழுத்துகளும் இந்த ஒழுங்குக்குள் வந்துவிட்டன, வாசிப்புக் கற்பிப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சுமைக் குறைப்பு என்று வகுப்பில்தான் தெரியும். உகர, ஊகாரக் குறிகள் மட்டும் எழுத்துக்கு எழுத்து மாறும். சு, பு, வு, யு ஒரு குடும்பம். டு, மு, ரு, ழு, ளு இன்னொன்று. து, நு, று, ணு, னு, லு வேறொன்று. கூ தனி. அட்டவணையில் இவை பதினெட்டு வரிசைகளில் சிதறிக் கிடக்கின்றன. குடும்பமாகப் பிரித்துக் கொடுத்தால் பிள்ளைக்கு ஒரு பிடி கிடைக்கிறது.

கொம்பு இன்னொரு இடம். 'பெ' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாக வாசிக்கச் சொல்லிவிட்டு இங்கே மட்டும் காத்திரு என்கிறோம், அதை வாய்விட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும்: கொம்பைப் பார்த்தால் நின்றுகொள், அடுத்த எழுத்தைப் பார், இரண்டையும் சேர்த்துச் சொல். 'பொ' வரும்போது எழுத்துக்கு இரண்டு பக்கமும் குறி, அதனால் பிள்ளை 'பெ' என்று சொல்லிவிட்டு மிச்சக் காலை 'ஆ' என்று வாசிக்கும். சில அச்செழுத்துகளில் காலும் ரகரமும் கிட்டத்தட்ட ஒன்று, எனவே தொடக்கத் துணுக்குகளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் இருப்பது நல்லது. ஒலி சேர்ப்பு முறையில் துணுக்கை நாமே எழுதுவதால் இந்தக் கட்டுப்பாடு நம் கையில் இருக்கிறது. கொம்பை நான் கால், மேல்விலங்கு, உகரம் எல்லாம் உறுதியான பிறகுதான் கொண்டுவருகிறேன்.

புதுச் சொல் கேள்விக்கு ஒரு சோதனை உண்டு. இங்கிலாந்தில் 2012 முதல் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு 40 சொற்களை வாசிக்கக் கொடுக்கிறார்கள், அதில் 20 நிஜச் சொற்கள், 20 பொருளே இல்லாத இட்டுக்கட்டிய சொற்கள். இட்டுக்கட்டியதை மனப்பாடத்திலிருந்து சொல்ல முடியாது என்பதால் கூட்டி வாசிக்கத் தெரிகிறதா என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். தமிழிலும் இதைச் செய்யலாம், தாளும் பேனாவும் போதும்: 'டமாப்', 'பிட்டாம்', 'மாப்படி'. இது வேற்றுக்கிரகத்துப் பிள்ளையின் பெயர் என்று சொன்னால் விரும்பி வாசிப்பார்கள். தெரிந்த சொல்லைக் கடகடவென்று சொல்லி, இதில் திணறும் பிள்ளைக்கு இன்னும் வாசிப்பு வரவில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆய்வுகள் பக்கமும் பார்த்தேன். அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் வெளியிட்ட அறிக்கை ஒழுங்குபடுத்திய ஒலி வழிக் கற்பித்தலுக்கு ஆதரவாகவே முடிவு சொன்னது, ஆனால் அது ஆங்கிலத்தைப் பற்றியது, அப்படியே தமிழுக்குத் தூக்கி வைக்கக் கூடாது. நமக்கு நெருக்கமானது கன்னடத்தில் சோனாலி நாக் செய்த ஆய்வு; நம்மைப் போலவே உயிர்மெய் அமைப்புள்ள அந்த எழுத்துமுறையைப் பிள்ளைகள் முழுதாகக் கற்க ஒன்றிரண்டு ஆண்டு போதவில்லை, அதற்கு மேலும் நீள்கிறது என்று அது காட்டியது. ஒன்றாம் வகுப்பு முடிவதற்குள் 247ஐயும் முடித்தாக வேண்டும் என்று பிள்ளைகளை விரட்டுவது தேவையில்லாத அவசரம் என்பதற்கு எனக்கு இது போதும்.

ஒலி சேர்ப்பு தராததையும் சொல்ல வேண்டும். கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் வைத்த கணக்கு எளிமையானது: வாசித்துப் புரிதல் என்பது எழுத்தைக் கூட்டும் திறனும் மொழியறிவும் பெருக்கி வருவது. ஒன்று பூஜ்யம் என்றால் விடையும் பூஜ்யம். 'மாமா, பட்டம் பிடி' போன்ற வாக்கியங்களில் மொழிச் சத்து குறைவு, அதை ஒப்புக்கொள்கிறேன். எனவே பிள்ளை வாசிக்கும் துணுக்கு வேறு, நாம் வாசித்துக் காட்டும் கதை வேறு என்று இரண்டையும் தினமும் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். கதை நேரத்தைப் பிடுங்கி ஒலிப் பயிற்சிக்குக் கொடுக்காதீர்கள்.

'ஒரு எழுத்துக்கு ஒரே ஒலியா என்ன, ககரம் கடலில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி, பகலில் ஒரு மாதிரி' என்பது நியாயமான ஆட்சேபம். தமிழ் பேசும் பிள்ளைக்கு இது பெரிய தடையாக இருந்து நான் பார்க்கவில்லை. 'பகல்' என்பதை வல்லொலியோடு வாசித்துவிட்டு, காதில் கேட்ட சொல்லோடு ஒப்பிட்டுத் தானே திருத்திக்கொள்ளும். வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கு அந்தக் காது இருக்காது. அவர்களோடு எனக்கு அனுபவம் குறைவு, அங்கே ககரத்தின் ஒலிகளை இடம் வாரியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கும் என் சொல்லை முடிவாக எடுக்க வேண்டாம், சிறப்பாசிரியரிடம் கேளுங்கள்.

மூன்றாம் வகுப்பு வந்தும் வாசிக்காத பிள்ளைகள், தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் கணக்கில் அரும்பு என்ற அடிநிலையில் இருப்பவர்கள், இவர்களுக்கு ட, ப, ம என்று மறுபடி ஆரம்பிப்பதை நான் விரும்பவில்லை. அட்டவணையில் பாதி அவர்களுக்குத் தெரியும், சின்னப் பிள்ளைப் பாடம் என்று கூச்சமும் படுவார்கள். இட்டுக்கட்டிய சொற்களைக் கொடுத்து எங்கே முறிகிறது என்று பார்த்துவிட்டு, புள்ளியிலா, கொம்பிலா, உகரத்திலா, அந்த இடத்திலிருந்து மட்டும் தொடங்கலாம்.

பள்ளியில் அட்டவணை முறையை மாற்ற வழியே இல்லை என்கிறவர்கள் வரிசையை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அகராதி பார்க்க அது எப்படியும் வேண்டும். ஆனால் உயிர் முடியும்வரை காத்திருக்காமல் முதல் வாரமே ம, ப, ட எழுதிப் போடுங்கள். 'இம்' என்று பாடும் நேரத்தில் 'அம், பம், டம்' என்று பாட வையுங்கள். இதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை, நாளைக் காலையே செய்யலாம்.