லினக்ஸ் போட லேப்டாப் வாங்குறீங்களா: லிஸ்ட்ட நம்புறதா, கடைலயே பென்டிரைவ் சொருகிப் பாக்குறதா

2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு சப்போர்ட் நின்னதுல இருந்து எங்க கொருக்குப்பேட்டை பக்கம் பசங்க ஒரே கேள்விய தான் கேக்குறாங்க, அண்ணா இந்த லேப்டாப்புல லினக்ஸ் போட்டா ஓடுமா, வைஃபை வருமா. நானும் தங்கச்சி காலேஜ் சேரும்போது செகண்ட் ஹேண்ட்ல ஒரு திங்க்பேட் டி470 வாங்குனேன். ஏழாவது ஜெனரேஷன் ஐ5, விண்டோஸ் 11க்கான லிஸ்ட்ல அந்த பிராசசர் கெடையாது, அதனால வாங்கும்போதே லினக்ஸ்ல ஒரு வகையான மிண்ட் தான்னு முடிவு பண்ணிட்டோம். வாங்குறதுக்கு முன்னாடி எப்டி செக் பண்றதுன்னு தான் ரெண்டு வாரம் ஓடுச்சு.

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, வீட்ல ஒக்காந்து மாடல் பேர போட்டு லிஸ்ட்ட பாக்குறது. லினக்ஸ்ல இன்னொரு வகையான உபுண்டுகாரங்க டெஸ்ட் பண்ணி சர்ட்டிஃபை பண்ண மாடல் லிஸ்ட் இருக்கு, லினக்ஸ் ஹார்ட்வேர் டாட் ஆர்க்ல ஜனங்க அவங்கவங்க மெஷின ஸ்கேன் பண்ணி போட்ட விவரம் இருக்கு, ஆர்ச் விக்கில நெறைய லேப்டாப்புக்கு தனி பக்கமே இருக்கு. இன்னொன்னு, ஒரு 8 ஜிபி பென்டிரைவ்ல மிண்டோ உபுண்டுவோ ஏத்தி எடுத்துட்டுப் போயி, கடைலயே அதுல இருந்து லேப்டாப்ப ஸ்டார்ட் பண்ணி, அதாவது பூட் பண்ணிப் பாக்குறது. லைவ் செஷன்னு சொல்லுவாங்க. நான் ரெண்டாவது பக்கம் தான், இப்பவே சொல்லிடுறேன்.

லிஸ்ட்ல நல்லது என்னன்னா செலவு இல்ல, அலைச்சல் இல்ல, இருபது மாடல்ல பதினஞ்ச வீட்ல இருந்தே கழிச்சு விட்டுடலாம். ஆனா ஒரே மாடல் பேர்ல வேற வேற வைஃபை கார்டு போட்டு விப்பாங்க, டிஸ்ப்ளே மாறும், கைரேகை சென்சார் மாறும். லிஸ்ட்ல ஒருத்தர் ஓடுதுன்னு போட்டது அவர் கைல இருக்குற பீஸுக்கு தான். செகண்ட் ஹேண்ட்ல இது இன்னும் மோசம், ஏன்னா நடுவுல யாராவது ஒருத்தர் கார்ட கழட்டி வேற மாட்டிருக்கலாம், மேல ஒட்டுன ஸ்டிக்கர்ல அது தெரியாது.

இத விட பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு, நான் முடிவு எடுத்ததே அதுக்காக தான். லிஸ்ட்ல "ஓடுது"ன்னு போட்டிருந்தா அதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு. டிரைவர், அதாவது அந்த பார்ட்ட ஓட்டுற சாஃப்ட்வேர், லினக்ஸோட மையப் பகுதியான கெர்னலுக்குள்ளயே இருந்து தானா ஓடுதுன்னும் அர்த்தம், இல்ல வெளில இருந்து ஒரு டிரைவர் கோட எறக்கி, டிகேஎம்எஸ்ங்கிற டூல் மூலமா கம்பைல் பண்ணி (அந்த கெர்னல்ல ஓடுற மாதிரி மாத்தி) ஓட வச்சேன்னும் அர்த்தம். வாங்குற அன்னிக்கு ரெண்டும் ஒண்ணு தான், நெட் வரும். அதுக்கப்புறம் வர்ற மூணு வருஷம் தான் வித்தியாசம்.

எனக்கு இது அனுபவத்துல தெரிஞ்சது. இதுக்கு முன்னாடி வச்சிருந்த லேப்டாப்ப, கம்பெனி பேரு வேணாம், லிஸ்ட் பாத்து தான் வாங்குனேன். வைஃபை ஓடுதுன்னு போட்டிருந்துச்சு, கீழ சின்னதா டிரைவர தனியா போடணும்னு இருந்துச்சு, நான் அத பெருசா எடுத்துக்கல. போட்டேன், ஓடுச்சு. ரெண்டு மாசம் கழிச்சு அப்டேட் வந்து கெர்னல் மாறுச்சு, ரீஸ்டார்ட் பண்ணா மேல வைஃபை ஐகானே இல்ல. அன்னிக்கு ராத்திரி தங்கச்சிக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங் சாய்ஸ் ஃபில்லிங், மறுநாள் கடைசி நாள். எங்கம்மா பக்கத்துல ஒக்காந்துக்கிட்டு "இன்னாடா ஆச்சு, நெட்டு இல்லியா"ன்னு கேக்குறாங்க, நான் டெர்மினல்ல, அதாவது கட்டளை அடிக்கிற விண்டோல, சேப்பு கலர்ல வர்ற எரர படிச்சிட்டிருக்கேன். கடைசில மொபைல யூஎஸ்பி கேபிள்ல மாட்டி, அதோட நெட்ட லேப்டாப்புக்குக் குடுக்குற டெதரிங்க ஆன் பண்ணோம், அதுக்கு டிரைவர் எதுவும் போட வேணாம், உடனே நெட் வந்துச்சு, ஃபில் பண்ணோம். இத நியாபகம் வச்சுக்கோங்க, வைஃபை செத்தாலும் யூஎஸ்பி டெதரிங் காப்பாத்தும். பூட் ஆகும்போது அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்ல போயி பழைய கெர்னல செலக்ட் பண்ணாலும் வைஃபை திரும்ப வந்துடும்னு எனக்கு அப்புறமா தான் தெரிஞ்சுது.

ஏன் இப்டி ஆகுதுன்னா, லினக்ஸ் கெர்னல் உள்ளுக்குள்ள இருக்குற ஏபிஐ, அதாவது டிரைவர் கெர்னலோட பேசுற முறை, நெலையா இருக்கும்னு யாரும் வாக்கு குடுக்கல. சுமார் ஒம்பது பத்து வாரத்துக்கு ஒரு புது கெர்னல் வெளியாகுது, உள்ள ஒரு ஃபங்ஷன மாத்துனா கெர்னலுக்குள்ள இருக்குற எல்லா டிரைவரையும் மாத்துறவங்களே சேத்து சரி பண்ணிடுவாங்க. வெளில இருக்குற டிரைவர எவரோ ஒரு புண்ணியவான் லீவு நாள்ல ஒக்காந்து சரி பண்ணி போடுற வரைக்கும் அது கம்பைல் ஆகாது. டிகேஎம்எஸ் ஒவ்வொரு புது கெர்னலுக்கும் தானா கம்பைல் பண்ணப் பாக்கும், ஆனா கோடு பொருந்தலன்னா அதுவும் என்ன பண்ணும். செக்யூர் பூட் (நம்பகமான சாவில கையெழுத்து போடாத கோட ஓட விடாத பாதுகாப்பு) ஆன்ல இருந்தா இன்னொரு வேலையும் இருக்கு, அந்த டிரைவருக்கு சாவி பதிவு பண்ணணும், ரீஸ்டார்ட்ல நீல கலர் ஸ்க்ரீன் வந்து பாஸ்வேர்ட் கேக்கும். கம்ப்யூட்டர் பழக்கம் இல்லாதவங்க கைல குடுக்குற மெஷின்ல இதெல்லாம் இருக்கவே கூடாதுன்னு நான் நெனைக்கிறேன்.

லைவ் பென்டிரைவ் ஜெயிக்கிறது இங்க தான். நீங்க எதையும் இன்ஸ்டால் பண்ணாம அதுல வைஃபை ஓடுச்சுன்னா, டிரைவர் உள்ளயே இருக்குன்னு அர்த்தம், அப்டேட்டுக்கு அப்டேட்டு நீங்க பயப்பட வேணாம்.

தண்டையார்பேட்டைல மெட்ரோ ஏறுனா கவர்மெண்ட் எஸ்டேட்ல எறங்கி, சென்னைல கம்ப்யூட்டர் கடைங்க இருக்குற ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்துடலாம். கடைக்காரர் மொதல்ல ஒத்துக்கல. "தம்பி, பென்டிரைவ்லாம் போட்டு நோண்டாதபா, உள்ள இருக்குற ஓஎஸ் போயிடப் போவுது"ன்னார். "இல்லண்ணா, ஹார்ட் டிஸ்க்க தொடவே தொடாது, ராம்ல தான் ஓடும், பத்து நிமிஷம், நீங்க பக்கத்துலயே நில்லுங்க"ன்னு சொன்னப்புறம் விட்டாரு. லெனோவோ, டெல்லா இருந்தா எஃப்12, எச்பியா இருந்தா எஃப்9, பூட் மெனு வரும். இன்ஸ்டால்னு இருக்குற ஐகான மட்டும் தொடாதீங்க.

ரெண்டு மெஷின் பாத்தேன். ஒண்ணு மெலிசா, பளபளன்னு, பாக்கவே ஆசையா இருந்துச்சு. பூட் ஆச்சு, டச்பேட் ஓடுச்சு, சவுண்ட் வந்துச்சு, வைஃபை லிஸ்ட் காலி. டெர்மினல திறந்து எல்எஸ்பிசிஐ அடிச்சு ஒரு எடம் விட்டு ஹைபன் போட்டு என் என் கே சேத்து (lspci -nnk) அடிச்சேன், ஒவ்வொரு பார்ட்டா வரிசையா வரும். நெட்வொர்க் கன்ட்ரோலர்னு இருக்குற வரிக்குக் கீழ "கெர்னல் டிரைவர் இன் யூஸ்"னு ஒரு வரி இருக்கணும். அதுல இல்ல. டி470ல அதே எடத்துல இன்டெல் 8265ன்னு கார்டு பேரும், கீழ ஐடபிள்யூஎல்வைஃபைன்னு டிரைவர் பேரும் வந்துச்சு. என் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டேன், ரெண்டு செகண்ட்ல புடிச்சுது. 5 கிகாஹெர்ட்ஸ்லயும் புடிக்குதான்னு மாத்திப் பாத்தேன், எங்க தெருவுல வைஃபைய திறந்தா முப்பது பேரு வீட்டு நெட்வொர்க் வரிசையா வரும், 2.4ல மட்டும் ஓடுற கார்டு அங்க திணறும்.

மத்ததெல்லாம் சட்டுனு முடிச்சிடலாம். லேப்டாப்ப மூடிட்டு திரும்ப தெறங்க, அது தூங்கி எழுந்ததும் வைஃபை திரும்ப புடிக்குதா பாருங்க. கேமரா, மைக், வெளிச்சம் கூட்டுற கொறைக்கிற கீ, எல்லா யூஎஸ்பி போர்ட்டும். எங்க பக்கம் கடல் காத்துல போர்ட்டு துரு புடிக்கிறது சகஜம், அதனால எந்த ஊர்ல ஓடுன பீஸா இருந்தாலும் நான் ஒவ்வொண்ணா சொருகிப் பாப்பேன். பேட்டரிக்கு பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல டிசைன் அளவையும் இப்போ ஃபுல்லா ஏறுனா நிக்குற அளவையும் ஒப்பிட்டுப் பாருங்க, டி470ல ரெண்டு பேட்டரி, உள்ள ஒண்ணு வெளில ஒண்ணு, ரெண்டையும் பாக்கணும்.

லைவ் பென்டிரைவ் எல்லாத்தையும் சொல்லிடும்னு நான் சொல்ல மாட்டேன். பழைய ஐஎஸ்ஓ (பென்டிரைவ்ல ஏத்துற லினக்ஸ் ஃபைல்) எடுத்துட்டுப் போனா நல்ல கார்டையும் அது தெரியாதுன்னு சொல்லிடும். ரியல்டெக் 8852பிஈ கார்டுக்கு டிரைவர் 6.2 கெர்னல்ல தான் உள்ள வந்துச்சு, உபுண்டு 22.04 மொதல்ல வந்தப்போ அதுல இருந்தது 5.15, அந்த பென்டிரைவ்ல பாத்திருந்தா நீங்க அந்த லேப்டாப்ப வேணாம்னு வச்சிருப்பீங்க. இந்த மாதிரி எடத்துல லிஸ்ட் தான் கை குடுக்கும், கார்டு பேர போட்டுத் தேடுனா எந்த கெர்னல்ல இருந்து ஓடுதுன்னு வந்துடும். என்விடியா கிராஃபிக்ஸ் இருக்குற மெஷின் நான் வச்சுப் பழகினதில்ல, ஏஎம்டி பிராசசர் ஒரே ஒரு மெஷின்ல போட்டுக் குடுத்தேன், நல்லா ஓடுது, ஒண்ண வச்சு பொதுவா சொல்றது தப்பு. நைட்டெல்லாம் மூடி வச்சா பேட்டரி எவ்ளோ எறங்குதுன்னு கடைல பத்து நிமிஷத்துல கண்டுபிடிக்கவே முடியாது, அதுக்கு அதே மாடல் வச்சிருக்குறவங்க எழுதுனத படிக்கிறது தான் வழி.

ஏற்கனவே வாங்கி வீட்ல இருக்குன்னா, அதுல வைஃபை ஓடலன்னா, கார்ட மாத்தலாம். பின்னாடி மூடிய கழட்டிப் பாருங்க, கார்டு எம்.2ங்கிற ஸ்லாட்ல சொருகியிருந்தா மாத்தலாம், போர்டோட சால்டர் பண்ணியிருந்தா முடியாது. இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 ரெண்டுமே தனியா வேலை செய்யுற கார்டு. ஏஎக்ஸ்201ன்னு ஒரு நம்பர் இருக்கு, பாக்க அதே மாதிரி இருக்கும், அது சில இன்டெல் பிராசசரோட மட்டும் தான் சேரும், கடைல அவசரத்துல மாத்திக் குடுத்துடுவாங்க, நம்பர படிச்சுட்டு காசு குடுங்க. பத்து வருஷத்துக்கு முந்தின சில பிசினஸ் லேப்டாப்புல கம்பெனி அனுமதிச்ச கார்ட தவிர வேற மாட்டுனா பயாஸே (ஸ்டார்ட் ஆனதும் மொதல்ல ஓடுற புரோகிராம்) பூட் பண்ண விடாது, வாங்குறதுக்கு முன்னாடி அந்த மாடலுக்கு அத ஒரு தடவ தேடிப் பாருங்க. விண்டோஸ் இன்னும் உள்ள இருந்தா, டிஸ்க்க பூட்டி வைக்கிற பிட்லாக்கரோட ரெக்கவரி கீய எழுதி வச்சுட்டு தான் பயாஸ்ல கை வைக்கணும்.

தங்கச்சி லேப்டாப்புல இது வரைக்கும் மூணு தடவ கெர்னல் மாறிடுச்சு. அவளுக்கு அது தெரியவே தெரியாது, ஹாஸ்டல் வைஃபைல ஒக்காந்து அசைன்மென்ட் அடிச்சிட்டிருக்கா.